தாமரைக்குள் இருந்து வந்த செஃப்

"அண்ணை, செஃப் போயிட்டாராம்" என்று என்னோடு சமையலறையில் வேலை செய்த நேசன் தொலைபேசியில் சொன்னபோது நான் கண் வைத்தியரிடம் காத்திருந்தேன்.

"திரும்பவும் எந்தச் சிறைக்கு?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. இந்த முறை மேலை."

இத்தாலியில் இருக்கும் அவருடைய தங்கை எங்கள் பழைய பீட்சா உணவகத்துக்கு அழைத்துச் சொன்னாராம். கொலோனில் அந்தச் சமையலறையில் வெந்த தமிழர் எல்லோருக்கும் ரொக்கோவைத் தெரியும். ஜெர்மன்காரர் முதலாளியைச் செஃப் என்பார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். பத்திரிகைகள் மாஃபியாக்காரர் என்று எழுதின. இரண்டும் சரிதான். பதினான்கு வருடம் அவருடைய பீட்சா அடுப்புக்கு முன்னால் நின்றவன் நான். ஆகவே எங்கள் தமிழ்ச் சங்க மலரில் அவரைப் பற்றி எழுத எனக்கே உரிமை. வேறு யாராவது எழுதினால் மறுப்பு அனுப்புவேன்.

அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அந்த வட்டாரத்துக் கடைகள் எல்லாம் அவரிடம்தான் தக்காளி டின் வாங்க வேண்டும். உள்ளே உப்பும் துருவும்தான். அதை எங்கள் சமையலறைக்கும் அனுப்பினார். நான் தொட மறுத்தேன். நாங்கள் பேசியது இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஜெர்மன். இங்கே எங்கள் தமிழில் தருகிறேன்.

"எல்லாரும் வாங்கீனம். நீ மட்டும் ஏன் மாட்டாய்?"

"அவைக்கு உங்களிலை பயம், செஃப். எனக்கு என்ரை சோஸிலை பயம்."

அன்று முதல் எங்களுக்கு மட்டும் சந்தையில் நல்ல தக்காளி வாங்கினார். ஆனால் எதிரே ஐஸ்கிரீம் விற்றவருக்கும் அந்த டின்கள் போயின. ஐஸ்கிரீமுக்கு எதற்குத் தக்காளி? அவர் மறுத்தார். ஒரு வாரத்தில் கடைக் கண்ணாடி உடைந்தது. சில மாதங்களில் குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டார். செஃப்பிடம் கேட்டேன். "நீ சோஸைப் பார்" என்றார். பார்த்தேன். அது என் வெட்கம். செத்தவர் தலையில் அதை இறக்கி வைக்க மாட்டேன்.

யூரோ வந்த அடுத்த வருடம் என் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு வைத்தோம். செஃப் மூன்றடுக்குக் கேக்கோடும் வெள்ளைக் கோட்டோடும் வந்தார். வீடியோ எடுத்தவர் பக்கத்துத் தெருவில் தமிழ்க்கடை வைத்திருந்த பாலன். கமெராவைக் கண்டதும் செஃப் சாப்பாட்டுத் தட்டை முகத்துக்கு நேரே பிடித்தார். படம் எடுத்தால் தலையிடிக்கும் என்றார்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வந்தவர் மேடையேறிப் பிள்ளையோடு படத்துக்கு நிற்காவிட்டால், வீட்டுக்காரனோடு கோபம் என்று ஊர் பேசும். "செஃப், நீங்கள் நிக்காட்டி நாளைக்கு நான் வேலைக்கு வரமாட்டன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தட்டை நேசனிடம் கொடுத்துவிட்டு மேடையேறினார். "கொஞ்சம் சிரியுங்கோ செஃப்!" என்று பாலன் கத்தினார். சிரித்தார்.

பாலன் அந்தச் சிரிப்பைச் சும்மா விடவில்லை. ஒரு தாமரை விரிய, அதற்குள் இருந்து செஃப்பின் முகம் மூன்று தரம் சுழன்று வெளியே வரும். அதில் பெருமைப்பட்டு, மாதிரிக்கென்று தன் கடைத் தொலைக்காட்சியில் நாள் முழுதும் ஓடவிட்டார். தொலைபேசி அட்டை வாங்க வந்த ஒரு பொலிஸ்காரர் வாங்க மறந்து நின்றுவிட்டார். எங்கள் செஃப் இறந்துபோன மச்சானின் பெயரில் வாழ்ந்தவராம். இத்தாலி பல வருடமாகத் தேடிய முகம் அது.

மூலக் கசெட்டுக்காக என் வீட்டுக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். முழுவதையும் பார்த்தார்கள். என் மனைவி இரண்டு தரம் வடை கொடுத்தார்.

"இவர் ஏன் பூவுக்குள் இருந்து வருகிறார்?" என்று ஒருவர் கேட்டார்.

"மரியாதைக்கு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

செஃப்பைப் பிடித்த பிறகு சங்கத்தில் ஒரு கதை கிளம்பியது. "அண்ணை காட்டிக் குடுத்திட்டார்." எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல்லின் பாரம் உங்களுக்குத் தெரியும். சிலர் என் பக்கத்துக் கதிரையில் உட்காரவே பயந்தார்கள். நான் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போய் முன்வரிசையில்தான் இருந்தேன். ஆனால் வீட்டில் நித்திரை இல்லை. ஊர் நினைப்பது இருக்கட்டும். அவர் என்ன நினைக்கிறார்?

இத்தாலிக்கு அனுப்புமுன் இங்கே சிறையில் வைத்திருந்தார்கள். மூன்று தரம் விண்ணப்பம் எழுதி அவரைப் பார்க்க ஒரு டெர்மின், அதாவது நாளும் நேரமும், வாங்கினேன். உறவுமுறை என்ன என்று கேட்டிருந்த இடத்தில் "சமையல்காரன்" என்று நிரப்பினேன்.

செஃப் மெலிந்திருந்தார். நான் வாயைத் திறக்கமுன் அவரே சொன்னார்:

"நீ கூப்பிட்டாய், நான் வந்தன். இதிலை காட்டிக் குடுக்க என்ன இருக்கு?"

அவர் தொடர்ந்தார்: "இந்த ஊரிலை என்னைக் கூப்பிட்டவை எல்லாம் பயத்திலை கூப்பிட்டவை. நீ ஒருத்தன்தான் மகளுக்காகக் கூப்பிட்டனி." பிறகு குரலைத் தாழ்த்தி, "கசெட்டிலை ஒரு கொப்பி அம்மாவுக்கு அனுப்பு. என்ரை முகத்தை அவ பார்த்துக் கனகாலம்" என்றார்.

அனுப்பினேன். தாமரையோடு.

இதைக் கேட்டவர்கள் நானும் ஒரு காவலரும்தான். அந்தக் காவலரை நீங்கள் போய் விசாரிக்கப் போவதில்லை. நம்பாதவர்கள் நம்பாமலே இருங்கள். ரொக்கோவின் அட்டூழியங்கள் அவரோடு போகட்டும். எனக்கு அவர் விட்டுப் போனது அந்த ஒரு பதில். அதற்குப் பிறகு நான் நன்றாக நித்திரை கொள்கிறேன்.