தாம்பாளத்தில் ஒரு குளம்பு

இன்னும் அசதி முழுதாகத் தீரவில்லை. எழுத்து கோணல்மாணலாகத்தான் வருகிறது... நல்லவேளை, அச்சில் தெரியாது.

போன வாரம் என் ஒரே மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். கொட்டகலையில். மாப்பிள்ளை குதிரையில் வந்தார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். குதிரைக்கும் எனக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன் — நான் குதிரைக்கு நகம் வெட்டுகிறவன்.

நுவரெலியா ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் சுமக்கின்றனவே, அந்தக் குதிரைகளுக்கு. லாடம் அடிப்பதில்லை. அடித்திருந்தால் கழற்றிவிடுவேன். குளம்பைச் சீவி, ஓரத்தை அரத்தால் உருட்டி, குதிரையை அதன் சொந்தக் காலில் நடக்கவிடுவதுதான் என் தொழில். அதற்கு முன்பு டியூஷன் வகுப்பில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். அந்த வேலையை நான் ஏன் விட்டேன் என்று என் மனைவி இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் சொல்லத் தொடங்கினால், குளித்துவிட்டு வந்து சொல்லச் சொல்கிறாள்.

அதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர் ஈரத்தில் குளம்பின் அடிப்பகுதி அழுகும். அந்த வாசனை சோப்புக்கெல்லாம் கட்டுப்படாது. சீவிய நகத்துண்டென்றால் நாய்களுக்கு உயிர். நான் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் வரவேற்க ஒரு நாய்க் கூட்டமே வரும். அமைச்சர்களுக்குக்கூட அப்படி வராது.

இப்படிப்பட்ட ஒருவன் பெண்ணைப் பெற்று, அவளுக்கு வரனும் பார்த்தால்?

பெண் பார்க்க வந்த அன்று, தரகர் என்னைக் 'குதிரை டொக்டர்' என்று அறிமுகப்படுத்தினார். நான் அவசரமாகத் திருத்தினேன். மாப்பிள்ளையின் அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். அப்படியே முகத்தைச் சுளித்தார்.

அந்தச் சுளிப்புத்தான் என் தூக்கத்தைக் கெடுத்தது.

சம்பந்தி வட்டகொடைக்காரர். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் தேயிலையை மோந்து, கொஞ்சம் வாயில் வைத்து, துப்பி, நல்லது கெட்டது சொன்னவர். அப்படிப்பட்ட மூக்குக்கு முன்னால் நான் போய் உட்கார்ந்திருக்கிறேன்! நிச்சயதார்த்தத்திலும் அதே சுளிப்பு. புடவை எடுக்கப் போனபோதும் அதே. பத்திரிகை வைக்க வந்தபோது, எங்கள் வீட்டு வாசல்படி ஏறும்போதே முகம் கோணிவிட்டது.

தர்ஷினியும் மாப்பிள்ளை பிரதீபனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள். அவர் தங்கமான பையன். அவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “அப்பாவா? அவரு வீட்டுல ஒரே சிரிப்பும் பகிடியுந்தான் மாமா,” என்றார். நான் நம்பவில்லை. வீட்டில் சிரிக்கிறவர் எங்களைக் கண்டதும் மட்டும் சுளித்தால்... அதற்கு என்ன அர்த்தம்? யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். ராத்திரி பகல் பாராமல் யோசித்தேன்.

என் பெண் அந்த வீட்டுக்கு வாழப் போகிறவள். 'நகம் வெட்டுறவன் மக' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? அவள் தாங்கிக்கொள்வாள். என்னால் முடியாது.

இதற்கு நடுவில் குதிரை யோசனை வந்தது. சொன்னவர்கள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள். கோயிலிலிருந்து மண்டப வாசல்வரை மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும். வீடியோவுக்கு நன்றாக இருக்கும். பெண் வீட்டிலேயே குதிரை ஆள் இருக்கும்போது வேறு எங்கே போய்த் தேடுவது?

குதிரையைத் தெரியாதவர்களுக்குத்தான் குதிரைமேல் ஆசை. பிரதீபன் அதுவரை ஓட்டிய பெரிய வாகனம் ஒரு ஸ்கூட்டர்.

முடியாது என்று சொல்லவும் பயம். ஆகவே ஏரிக்கரையிலேயே பரம சாதுவான குதிரையைத் தேர்ந்தெடுத்தேன். பெயர் சுதா. வெள்ளை நிறம் என்பதால் அதன் சொந்தக்காரர் சுனில் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார். மாதக்கணக்காக நான் கால் பார்க்கிற குதிரை. லாடம் கழற்றி, தார் ரோட்டில் கண்ணாடிமேல் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டிருந்ததை நன்றாக நடக்க வைத்தவன் நான்.

உடனே அடுத்த பிரச்சினை. வீடியோ எடுக்கிற தம்பி போன் செய்தார். லாடம் இல்லாவிட்டால் 'டக் டக்' சத்தம் வராதாமே? தேங்காய்ச் சிரட்டையைத் தட்டிப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னேன். சம்பந்தியும் போனில் வந்தார்.

“ஏங்க, நல்ல காரியத்துக்கு வர்ற குதிரை வெறுங்காலோடவா வரும்? பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? நானே சப்பாத்துப் போட்டுத்தாங்க வரப்போறேன்.”

அது வெறுங்காலில்தான் வழுக்காமல் வரும் என்று விளக்கினேன். “சரிங்க,” என்று போனை வைத்தார். சுளிக்கிறார் என்று போனிலேயே தெரிந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. சுதாவின் காதுக்குப் பக்கத்தில் போனை வைத்து நாதஸ்வரம் போட்டேன். தவில் போட்டேன். முகத்துக்கு நேரே குடையை விரித்தேன், மடக்கினேன். தலைக்கு மேல் பூவை வீசினேன். என் மனைவியின் பட்டுப்புடவையை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப்போய், சரசரக்கவிட்டு முன்னும் பின்னும் நடந்தேன். ஏரிக்கரையில் படகு விடுகிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். சுதா கொட்டாவி விட்டது.

“பய வெண்ட எபா, மாஸ்டர்,” என்றார் சுனில். பயப்படாதீர்களாம். மகளைப் பெற்றவனிடம் சொல்கிற பேச்சா இது?

ஆக, எல்லாவற்றுக்கும் குதிரையைப் பழக்கிவிட்டேன். ஒன்றே ஒன்றுக்குத்தான் பழக்க மறந்துவிட்டேன். எனக்கு.

கல்யாணக் காலை. தர்ஷினி மணப்பெண் அறைக்குள் போகுமுன் என் சால்வையைச் சரிசெய்தாள். “அப்பா... இன்னைக்கு மட்டும் குதிரையப் பத்தி யாருக்கும் விளக்கம் சொல்லாதீங்க. ப்ளீஸ்.” வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அதைக் காப்பாற்றியும் விட்டேன். வாயைத் திறக்கவே இல்லை.

மேளம் கேட்டது. பனிமூட்டத்துக்குள்ளிருந்து சுதா வெள்ளையாக வந்தது. மேலே பட்டும் தலைப்பாகையுமாக பிரதீபன், நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு வழுக்கல் இல்லை, ஒரு மிரட்சி இல்லை. சம்பந்தி கோட்டும் பளபளக்கும் சப்பாத்துமாகப் பக்கத்திலேயே நடந்து வந்தார். அதே சுளிப்பு.

வாசலில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி வரவேற்பது எங்கள் வழக்கம். பெண்ணின் உடன்பிறந்தவன் செய்ய வேண்டியது. தர்ஷினிக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஆகவே நான். கீழே பலகை போட்டிருந்தோம். அவர் இறங்கி அதில் நின்றதும் கழுவுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் வீடியோத் தம்பி கையைக் காட்டித் தடுத்தார். மாப்பிள்ளை குதிரைமேலேயே இருக்கட்டும், தொங்குகிற காலுக்குக் கீழே தாம்பாளத்தைப் பிடியுங்கள், அக்கா தண்ணீர் ஊற்றட்டும், சூப்பர் ஷாட் என்றார்.

மனைவி செம்போடு வந்தாள். கெமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள்; சிரித்தாள்.

நான் சுதாவின் இடது தோளோரம் போய் நின்றேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள், சம்பந்தி பார்க்கிறார்... படபடப்பை அடக்க, எப்போதும் செய்கிற மாதிரி ஒரு நீளமான மூச்சை விட்டேன். பிறகு தாம்பாளத்தோடு குனிந்தேன்.

இங்கே தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் எந்தக் குதிரையின் காலையும் பிடித்து இழுப்பதில்லை. இழுத்தால் அதுவும் இழுக்கும். அதன் எடைக்கு முன் நாம் எந்த மூலைக்கு? இடது தோளோரம் போய் நிற்பேன். நீளமாக ஒரு மூச்சு விடுவேன். குனிவேன். குதிரை தானாகவே காலைத் தூக்கித் தரும். தந்தால் ஒரு துண்டு கரட். சுதா இதில் முதல் மாணவி.

சுதா காலைத் தூக்கியது. பணிவோடு, அழகாக, தாம்பாளத்தில் வைத்தது.

அதே நேரம் என் மனைவி, கெமராவைப் பார்த்துச் சிரித்தபடியே தண்ணீரை ஊற்றினாள். மஞ்சள் கலந்த தண்ணீர். கடைசிச் சொட்டுவரை.

இத்தோடாவது நான் நிமிர்ந்திருக்கலாம். ஆனால் கைக்கு மூளை வேண்டாம் போலிருக்கிறது. தாம்பாளத்தை விட்டுவிட்டேன். குளம்பைப் பிடித்தேன். பட்டு வேட்டியோடு திரும்பி நின்று, அதை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன். குளம்பின் இடுக்கில் ஒரு சரளைக்கல் சிக்கியிருந்தது. கோயில் ரோட்டுக் கல். அதை விரலால் நெம்ப ஆரம்பித்தேன்.

குதிரை மூன்று காலில் நின்றால் மேலே இருப்பவர் சாய்வார். பிரதீபன் சாய்ந்தார். தலைப்பாகை செம்புக்குப் பக்கத்தில் விழுந்தது. சுதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“மாமா... என்னோட கால் இந்தப் பக்கம் இருக்கு.”

மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மனைவி அப்போதுதான் கெமராவிலிருந்து முகத்தைத் திருப்பினாள். “ஏங்க. அந்தக் கால விடுங்க,” என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு அமைதியாகப் பேசி நான் கேட்டதில்லை.

விட்டேன். கூட்டம் சிரித்த சிரிப்பு பட்டிப்பொல வரைக்கும் கேட்டிருக்கும். பிரதீபனும் சிரித்தார். சுனில் சிரித்தார். சுதா என் சால்வைக்குள் கரட் தேடியது.

ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. நான் அவரை மட்டும்தான் பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார் சம்பந்தி.

முடிந்தது என்று நினைத்தேன். அடுத்து நடந்தவற்றில் பாதி எனக்கு நினைவில்லை. தாரை வார்க்கும்போது தர்ஷினியின் கையைப் பிடித்தேன். அவள் குனிந்து என் காதில் ஏதோ சொல்ல வந்தாள். பிரியப்போகிற மகள் அப்பாவிடம் என்ன சொல்லுவாள்? கண் கலங்கிக் காத்திருந்தேன்.

“அப்பா, கை கழுவினீங்களா?”

தாலி ஏறியது. சாப்பாடு முடிந்தது. பந்தியிலிருந்து எழுந்த சம்பந்தி என்னைத் தேடி வந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றார். மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற குழாயடிக்கு அழைத்துப் போனார். மன்னிப்பு கேட்பதற்கான வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கிக்கொண்டே பின்னால் போனேன். என் பெண்ணை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று தொடங்குவதா, முடிப்பதா?

அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைக் கழற்றினார்.

“சம்பந்தி, அந்தக் குதிரை காலை அவ்வளவு பதமாப் புடிச்சீங்க. எனக்கும் இதக் கொஞ்சம் பாருங்களேன். நகம் சதைக்குள்ள வளந்து உயிர் போகுதுங்க. டொக்டர்கிட்டப் போனா வெட்டணும்பாரு.”

பார்த்தேன். ஒரு விரல் சிவந்து வீங்கியிருந்தது. எப்போதிருந்து என்று கேட்டேன். பெண் பார்க்க வரும்போது புதுச் சப்பாத்து வாங்கினாராம். வீட்டில் போடுவதில்லை. எங்களைப் பார்க்க வரும்போது மட்டும், மரியாதைக்கு.

குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குதிரை கடித்தாலும், முரண்டு பிடித்தாலும், முகத்தைக் கோணினாலும் சொந்தக்காரர்கள் அதற்குத் திமிர் என்பார்கள். நான் மட்டும், “முதல்ல காலப் பாப்போம்,” என்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போன வசனம். அப்படிப்பட்ட நான், ஒரு மனிதரின் முகத்தை மட்டும் மாதக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். கீழே ஒரு தடவை குனிந்து பார்க்கத் தோன்றவில்லையே! பெற்றோர் ஆகிவிட்டால், உலகத்தில் யார் முகம் சுளித்தாலும் நம் பிள்ளையைப் பார்த்துத்தான் சுளிக்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. பாவம், அவரவர் சப்பாத்து அவரவரைக் கடிக்கிறது.

நகத்தில் நான் கை வைக்கவில்லை. அது டொக்டர் வேலை. கட்டாயம் போகச் சொன்னேன், போய்விட்டு வந்தும்விட்டார். நான் செய்தது ஒன்றுதான் — அன்றைக்கு அந்தச் சப்பாத்தைத் திரும்பப் போடவிடவில்லை. குடும்பப் படத்தில் சம்பந்தி கோட்டும் வெறுங்காலுமாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். பிரதீபன் சொன்னது உண்மைதான்... மனிதர் அன்று அடித்த பகிடியெல்லாம் குதிரையை வைத்துத்தான். அதிலும் பாதி என்னை வைத்து.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். தாராளமாக எழுதச் சொன்னார். எந்த விரல் என்று மட்டும் போடக்கூடாதாம்.