ஆறிய டீ

மகள் கண்ணாடிக் கூஜாவில் தேயிலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி மூடினாள். "மூணு நிமிஷம்மா, அப்புறம் வடிகட்டினா போதும்." என் அம்மாவும் அப்படித்தான் டீ போடுவாள். மூடுவது அலுமினியத் தட்டால், வடிகட்டுவது பழைய வேட்டித் துணியால்.

குடவாசல் பக்கம் எங்கள் தெருவில் அப்போது வீட்டில் டீ போட்டவர்கள் நாங்கள் மட்டும்தான். டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று தனி கிளாஸ் வைத்திருந்தார்கள். அதனால் அப்பா அங்கே போவதை நிறுத்தியிருந்தார்.

அறுவடைக் கூலியை உயர்த்தக் கேட்டு அப்பா முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின்போது மிராசுதாரின் காரியஸ்தர் எங்கள் வீட்டுக்குப் பேச வந்தார். அப்பா ஒரு டம்ளர் டீயை அவர் முன்னால் வைத்தார்.

"குடிங்கய்யா, அப்புறம் பேசுவோம்."

"டீயெல்லாம் எதுக்குடா? கூலியைப் பேசு."

"குடிச்சாத்தான் பேச்சு."

டம்ளரில் ஆவி அடங்கியது. அவர் குடித்துவிடக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எப்போதும் அடியில் மிஞ்சும் ஒரு வாய்தான் கிடைக்கும்.

அவர் தொடாமலே எழுந்து போனார். முழு டம்ளரும் எனக்கு வந்தது. மறுநாள் எங்களுக்குப் பதிலாக வெளியூர் ஆட்கள் அறுக்க வயலில் இறங்கினார்கள். அந்த வருடம் எங்கள் வீட்டுக்குக் கூலி நெல் வரவில்லை.

"ஆறிப்போகுதும்மா, குடி" என்றாள் மகள்.

"ஆறட்டும். எனக்கு அப்படித்தான் பழக்கம்."