காதர் பாயின் கொக்கிக்குக் கீழே

யார்டு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது நான் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தேன். "நம்ம கிரேன் காதர் பாய் மௌத் ஆயிட்டாரு. மாரடைப்பு. லுஹர் தொழுகைக்கு அப்புறம் ராயபுரத்துல அடக்கம்." படித்ததும் என்னையறியாமல் மேலே பார்த்தேன். இத்தனை வருஷம் அவர் கிரேனுக்குக் கீழே நின்று கைசாடை காட்டியவனுக்கு வேறு எங்கே பார்க்கத் தெரியும்?

அடக்கத்தில் மேனேஜர் கலங்கிப்போய்ச் சொன்னார்: "வரும்போதே பத்து வருஷ அனுபவத்தோட வந்த மனுஷன். யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல." யார்டுத் தோழர்களே, உங்களில் பலரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். இனி அவர் வேலையை யாரும் பறிக்க முடியாது என்பதால் சொல்கிறேன். அந்தப் பத்து வருஷம் சுத்தப் புளுகு.

காசிமேட்டில் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சை ஓட்டியவர் அவர். முதலாளி படகை விற்றுவிட, கனரக வண்டி லைசென்ஸை எடுத்துக்கொண்டு எண்ணூர் ரோட்டில் எங்கள் இரும்பு யார்டுக்கு வந்தார். கிரேன் தெரியுமா என்று கேட்டதற்கு, "இன்னா சார் இப்டி கேட்டுட்ட, பத்து வருசமா அதே வேலதான்" என்றாராம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கதி என்ன என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

முதல் நாளே தெரிந்துவிட்டது. குழாய்க் கட்டு ஒன்றைத் தூக்கி டிரெய்லர் பக்கம் திருப்பினார். கடல்காற்றில் கட்டு ஆடியது, கிரேனின் கம்பிவடம் விண்ணென்று இறுகியது. வலை பாறையில் மாட்டிக் கயிறு இப்படி இறுகினால் படகில் உடனே வின்ச்சை லூசு விட வேண்டும், இல்லாவிட்டால் படகே கவிழ்ந்துவிடும். பாயின் கை அதே பழக்கத்தில் இங்கேயும் லூசு விட்டது. ஆட்டத்தை அடக்கக் கயிறு பிடித்து நின்ற என்னை நோக்கி அவ்வளவு இரும்பும் இறங்கியது. பாய் பதறிப்போய் பிரேக்கைப் பிடிக்க, முகத்துக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. கயிற்றைப் போட்டுவிட்டு நேராக டீக்கடைக்குப் போனேன்.

பாய் பின்னாலேயே வந்தார். அவர் முகம் என்னைவிட வெளுத்திருந்தது.

"தோஸ்து, நான் கிரேனைத் தொட்டதே இல்ல. போட்டுல வின்ச்சுதான். வெளிய சொல்லிடாத. வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க."

"எனுக்கும் வூடு கீது பாய். கீய நிக்கறது நானு!"

"தெரியும். இனிமே எதத் தூக்கினாலும் ஒரு சாண் தூக்கி நிறுத்துவேன். பிரேக்கு புடிக்குதான்னு பாக்கலாம். நீ தள்ளிப் போயி கைய காட்டு, அப்பாலதான் மேல."

சொன்னால் அவர் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் என் உயிர் போகும். அவருக்கும் என்னைப் போலவே பயம் என்று தெரிந்ததால்தான் வாயை மூடிக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் நாம் எல்லோரும் நிழலில் சாய்ந்திருக்க, அவர் காலி டிரம்மைத் தூக்கித் தூக்கி இறக்கிப் பழகினார். சரக்கை ஒரு சாணில் நிறுத்தும்போதெல்லாம் "பாய் எடை போடறாருப்பா" என்று நீங்கள் சிரிப்பீர்கள். காரணம் தெரிந்த நான் மட்டும் தள்ளிப் போய்க் கையைக் காட்டுவேன்.

வேலை கைவந்து வெகுகாலம் ஆன பிறகும் அவர் அந்த நிறுத்தத்தை விடவில்லை. "இன்னும் இன்னாத்துக்கு பாய்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உனுக்கு பயம் போயிடுச்சா?"

"இல்ல."

"எனுக்கும் போவல. போச்சுன்னா நானே எறங்கிடுவேன்."

நேற்று அவர் இருக்கையில் புது ஆள் ஏறினார். "பயப்படாதண்ணே, பதினஞ்சு வருஷ கை இது" என்றார். நிஜமாகவே இருக்கலாம். ஆனால் சரக்கை ஒரே மூச்சில் மேலே தூக்கினார். கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் உயர்த்தினேன். கிரேன் நின்றது. யார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

"எறக்கு. ஒரு சாண் தூக்கி நிறுத்து. நான் தள்ளிப் போறேன்."

"இன்னாத்துக்குண்ணே?"

"எனுக்கு பயமா கீது" என்றேன்.

இத்தனை வருஷத்தில் யார்டில் நான் அதை உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. காதர் பாய் எனக்கு விட்டுப்போனது அந்தப் பயம். அதை நான் விடப்போவதில்லை.