மூன்று தண்ணீர்

சலவைக்கூடத்தில் என் அண்ணிக்கு வைத்த பெயர் பச்சைத்தண்ணி. எந்தக் கறையைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவள் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். குறிப்பாக ரத்தக் கறை என்றால் பக்கத்தில் சுடுதண்ணீரை விடவே மாட்டாள். "சுடுதண்ணி பட்டா ரத்தம் துணியைக் கல்யாணம் பண்ணிக்கும். அப்புறம் பிரிக்கவே முடியாது" என்பாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. நேரில் நீங்க வாங்க என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும் பின்னால் பேசும்போது அவள் இவள்தான்.

அந்தக் கூடத்துக்கு இரண்டு ஓட்டல்களிலிருந்தும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் துணி வரும். என் அண்ணன் பெரிய மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவன். அண்ணி கறை எடுக்கும் மேசையில் நிற்பவள். மெஷினுக்குள் போடும் முன் அவள் கண்ணில் படாமல் ஒரு துணியும் தப்பாது. இருவரும் காதலித்ததே ஒரு ஓட்டல் மேசைவிரிப்பின் மேல் சண்டை போட்டுத்தான். சாயம் போனதற்கு யார் காரணம் என்பது இன்றுவரை தீரவில்லை.

ஆஸ்பத்திரித் துணியைப் பார்த்துப் பார்த்து அண்ணிக்கு ஆபரேஷன் என்றால் ஆகாது. கட்டி வரும் மூட்டையை அவிழ்க்கும்போதே முகம் சுளிப்பாள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மூத்தவள் பிறந்தது ஆபரேஷனில். நடு ராத்திரியில் அவசரம் அவசரமாக மயக்க ஊசி போட்டார்கள். அண்ணி கண் திறந்தபோது மறுநாள் மத்தியானம். அதற்குள் குழந்தையை நான் பார்த்தாயிற்று, அண்ணன் பார்த்தாயிற்று, பக்கத்துக் கட்டில்காரி, அவளைப் பார்க்க வந்தவர்கள், தரை துடைக்க வந்தவர் எல்லோரும் பார்த்தாயிற்று. மூக்கு அப்பா மாதிரி, நெற்றி அத்தை மாதிரி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் நெற்றியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னவள்தான். "நான் பெத்த பிள்ளையைப் பத்தி எனக்கே சேதி சொல்றீங்களா" என்று கேட்டுவிட்டு அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால் இரண்டாவது தங்கியதும் முதல் மாதத்திலேயே தீர்மானம் செய்துவிட்டாள். இந்த முறை தானாகப் பெற வேண்டும், கண்ணைத் திறந்துகொண்டு பெற வேண்டும், தன் பிள்ளையைத் தான்தான் முதலில் பார்க்க வேண்டும். எங்கள் தெருக்கோடியில் சின்னப் பிரசவ விடுதி ஒன்று இருக்கிறது. அதை நடத்தும் அம்மாவிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். "ஐஞ்சாம் மாச ஸ்கேன் சுத்தமா இருந்தா வா, பாத்துக்கலாம்" என்றார் அந்த அம்மா.

ஐந்தாம் மாத ஸ்கேன் சுத்தமாக இல்லை.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மெல்லப் பேசுகிற பெண். மெல்லப் பேசுகிற டாக்டர்களைக் கண்டால் எனக்குப் பயம். சத்தம் போடுகிறவர்கள் சளிக்கும் சத்தம் போடுவார்கள், பயமில்லை. இவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"குழந்தை நல்லா இருக்கும்மா. ஆனா குழந்தைக்குச் சாப்பாடு கொண்டுபோற நஞ்சுக்கொடி கீழ வந்து உக்காந்திருக்கு. பிள்ளை வெளிய வர்ற வழியை மூடிக்கிட்டு இருக்கு. அதுவும் போன தடவை வெட்டித் தச்ச இடத்து மேலயே."

"ஏறாதா?" என்றாள் அண்ணி.

"நிறைய பேருக்கு வயிறு பெருசாக ஆக மேல ஏறிடும். உங்களுக்குத் தழும்பு மேல இருக்கறதால உறுதியா சொல்ல முடியல. ஏறலைன்னா ஆபரேஷன்தான், வேற வழியே கிடையாது. தழும்புக்குள்ள வேர் விட்டிருந்தா கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே வரணும். பட்ட துணியையும் கையோட எடுத்துட்டு வாங்க. எவ்வளவு போச்சுன்னு நாங்க பாக்கணும்."

ஃபைலின் மேல் சிவப்பாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஹை ரிஸ்க். அடுத்த முறை போனபோது வாசலில் நின்ற நர்ஸ், "அந்த ஹை ரிஸ்க் அம்மாவை உள்ள அனுப்புங்க" என்று குரல் கொடுத்தாள். ஒரு பட்டப்பெயர் போதாதென்று இரண்டாவதும் வந்து சேர்ந்தது. வெளியே வந்ததும் அண்ணி வீட்டுக்கு வரவில்லை. நேரே தெருக்கோடி விடுதிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மா ஒளிவு மறைவு தெரியாதவர். "நஞ்சு ஏறினா வா. ஏறலைன்னா என் வாசப்படி மிதிக்காத. உன் உசுருக்கு என்கிட்ட மருந்து கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் காத்திருந்தது ஏழாம் மாத ஸ்கேனுக்குத்தான். ஊர் வாயை மூட உலைமூடி கிடைக்குமா? தெரிந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் சொன்னார்கள். தலைகீழாகப் படுக்கச் சொன்ன ஒருத்தியை நான் படி இறக்கி விட்டேன். அண்ணன் பஸ் கண்டக்டர் மாதிரி வயிற்றைப் பார்த்து, "மேல ஏறு, உள்ள தள்ளிப் போ" என்று சொல்லிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். அண்ணி சிரிப்பாள். அவன் அந்தப் பக்கம் போனதும் சிரிப்பு போய்விடும். குளியலறைக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் நாங்கள் அவள் முகத்தைப் பார்ப்போம். ஒன்றுமில்லை என்று தலையசைப்பாள். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவது என்பார்களே, அதை அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் செய்துகொண்டிருந்தோம்.

ஸ்கேனுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு விடுமுறை நாள் காலையில், அண்ணன் என்னைக் கீழே கூப்பிட்டான். நான் குடியிருப்பது அவர்களுக்கு மேல்மாடி. குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. டாக்சிக் கம்பெனியில் போன் எடுப்பது என் வேலை. படியில் இறங்கிக்கொண்டே எங்கள் டிரைவர் ஒருவரை வாசலுக்கு வரச் சொல்லிவிட்டேன்.

அண்ணி உடை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமில்லை. "வலி இருக்கா அண்ணி?" என்றேன்.

"துளி வலி இல்ல. அதான் பயமா இருக்கு. எந்திரிச்சுப் பாத்தா விரிப்புல..."

"சரி, அந்த விரிப்பு எங்க? எடுத்துக்கலாம்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பால்கனியைப் பார்த்தேன். கொடியில் விரிப்பும் அண்ணியின் இரவு உடையும் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கின. கடையில் புதிதாக வாங்கியது போல வெள்ளை. ஒரு புள்ளி கிடையாது. உடையை அவள் கசக்கியிருக்கிறாள், விரிப்பை அவன் அலசியிருக்கிறான். டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் ரத்தத்தைக் கண்டதும் கை தானாகக் குழாய்க்குப் போய்விட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் சொல்லக் கூடாத பழமொழி என்பதால் வாயை மூடிக்கொண்டேன். இல்லாவிட்டால் அன்று என் வாயிலிருந்து வேறு நிறைய வந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. ரத்தமும் அப்போதைக்கு நின்றிருந்தது. டாக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "துணி எங்கம்மா?"

"தொவச்சாச்சு" என்றாள் அண்ணி, தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் பேனாவை எடுத்தார். பிறகு, "சரி. எவ்வளவு இருக்கும்? ஒரு ஸ்பூனா? ஒரு கப்பா? லேசான கறைன்னா இன்னைக்கு முழுக்க இங்க வெச்சுப் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பலாம். அதிகம்னா பிரசவம் வரைக்கும் இங்கயே இருக்கணும்" என்றார்.

"கொஞ்சம்தான் டாக்டர்" என்றாள் அண்ணி. பதில் சட்டென்று வந்தது. எனக்கு அவளைத் தெரியும். படுக்கையில் சேர்த்துவிட்டால் ஆபரேஷன் மேசைதான், தெருக்கோடி விடுதி கனவாகிவிடும். இன்னும் ஒரு வாரத்தில் நஞ்சு ஏறிவிடும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். "கொஞ்சம்தான்" என்று அவனும் சொன்னான். டாக்டர் எழுதத் தொடங்கினார். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் பார்த்ததெல்லாம் வெள்ளைத் துணிதான். தெரிந்திருந்தால் அவளுக்காகப் பொய் சொல்லியிருப்பேனா என்று இன்றும் எனக்கே சந்தேகம்.

"மூணு தண்ணி மாத்தினேன்" என்றான் அண்ணன் திடீரென்று.

"என்னது?" என்றார் டாக்டர்.

"கொஞ்சமா இருந்தா முதல் தண்ணியிலயே போயிடும் டாக்டர். பச்சத்தண்ணில போட்டேன், மொத்தமா செவந்துருச்சு. ஊத்திட்டு மாத்தினேன். மறுபடி செவந்துச்சு. மூணாவது தண்ணியும் தெளியல. குழாயைத் திறந்துவிட்டு அலசினேன். மெத்தை வரைக்கும் இறங்கியிருக்கு." அவன் அண்ணி பக்கம் திரும்பவில்லை. "கொஞ்சம் இல்ல டாக்டர். தெரிஞ்சுதான் பொய் சொன்னேன்."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு எழுந்து போய் நர்ஸிடம் பேசினார். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் பச்சை மரமே பற்றிக்கொள்ளும்.

"காட்டிக் குடுத்துட்டீங்க இல்ல."

"ஆமா" என்றான் அண்ணன்.

அன்று சாயங்காலமே மறுபடி ரத்தம் போனது, முதல் முறையைவிட அதிகமாக. நாலு பேர் ஓடி வந்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், போக்கை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் இருந்திருந்தால், டாக்சி வந்து சேர்வதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று எங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணிக்கும் அது தெரியும். தெரிந்தும் அவளால் அவனை மன்னிக்க முடியவில்லை. அடுத்த வார ஸ்கேனில் நஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது. தழும்புக்குள் வேர் விட்டிருந்தது. அதற்கும் அவன்தான் காரணம் என்பது போல அண்ணன் வரும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவன் வேலை முடிந்து வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மூத்தவளைத் தூங்கவைக்கக் கிளம்பிவிடுவான். அவள் படுத்திருந்த விரிப்பே அவன் மெஷினில் துவைத்து வந்ததுதான். அந்த நாட்களில் அவள் அவனுக்கு என் மூலமாகச் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்று: "விரிப்புல சோப்பு வாசம் போகல, சரியா அலசச் சொல்லு."

ஆபரேஷனுக்கு நாள் குறித்தபோது டாக்டர் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எட்டாம் மாசம் முடியறதுக்குள்ள எடுத்துடணும். தானா வலி வந்து ரத்தம் போக ஆரம்பிச்சா எங்களால சமாளிக்க முடியாது. முழு மயக்கம் குடுத்துப் பண்றதுதான் எனக்குச் சுலபம்."

"எனக்குச் சுலபம் இல்ல" என்றாள் அண்ணி. "விடுதியை விட்டுட்டேன். தானா பெக்கற ஆசையை விட்டுட்டேன். கர்ப்பப்பையை எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. பிள்ளை வெளிய வர்ற வரைக்கும் நான் முழிச்சிருக்கணும் டாக்டர். இது ஒண்ணுதான் கேக்கறேன்."

டாக்டர் யோசித்தார். "முதுகுல ஊசி போட்டு ஆரம்பிக்கலாம். முழிச்சிருப்பீங்க. ஆனா ரத்தம் கட்டுக்குள்ள இல்லைன்னா உடனே தூங்க வெச்சிடுவேன். உங்ககிட்ட அனுமதி கேக்க நேரம் இருக்காது."

"கேக்க வேணாம். சொல்லிட்டுப் பண்ணுங்க. போன தடவை யாரும் சொல்லல."

"சொல்லிட்டுப் பண்றேன்" என்றார் டாக்டர். அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அன்று காலை அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோதும் அண்ணனிடம் பேசவில்லை. கதவு மூடியது. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கதவு திறந்து ஒரு நர்ஸ் கண்ணாடிப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வேகமாகப் போனாள். உள்ளே தொப்பியும் துணியுமாகச் சுற்றி ஏதோ சிவப்பாக ஒரு முகம். "பையன், மூச்சு விடக் கொஞ்சம் கஷ்டப்படறான், பயப்படாதீங்க" என்று போகிற போக்கில் சொன்னாள். அதே நேரம் இன்னொரு நர்ஸ் இரண்டு கையிலும் ரத்தப் பைகளோடு கதவுக்குள் ஓடினாள். அண்ணன் பெட்டியின் பின்னால் நாலடி வைத்தான், நின்றான், கதவுக்குத் திரும்பினான். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"நீ பிள்ளைகூடப் போ" என்றான் என்னிடம். "நான் இங்கதான் இருப்பேன்."

மேலும் ரத்தப் பைகள் போனதாகப் பிறகு சொன்னான். டாக்டர் வெளியே வந்தபோது நானும் திரும்பி வந்திருந்தேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டோம், நிறைய ரத்தம் போய்விட்டது, ஆனால் பிழைத்துவிட்டார் என்றார். அண்ணன் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். என் அண்ணன் அழுது நான் பார்த்தது அன்றுதான். எனக்கும் அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதேன்.

மறுநாள் அண்ணி கண் விழித்தாள். உதடு வெடித்திருந்தது. அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான், கிட்டே வரலாமா என்று தெரியாமல்.

"பிள்ளை?" என்றாள்.

"நல்லா இருக்கான். மூச்சு சரியாயிடுச்சு. பெட்டியிலதான் இருக்கான்."

"பாத்தீங்களா?"

"கண்ணாடி வழியா. மூஞ்சி மட்டும்தான் தெரியுது, மத்ததெல்லாம் சுத்தி வெச்சிருக்காங்க."

"மூஞ்சி எப்படி இருக்கு? எனக்குக் காட்டல. முதுகைத்தான் பாத்தேன். தூக்கினாங்க, திருப்பறதுக்குள்ள டாக்டர், 'அம்மா, இப்பத் தூங்க வைக்கறேன், சொல்லிட்டேன்'னாங்க. சரின்னேன்." அவள் மூச்சு வாங்கினாள். "முதுகுல ஒரு மச்சம் இருக்கு. இடது தோளுக்குக் கீழ, அரிசி அளவு. போய்ப் பாருங்க."

அண்ணன் போனான். நானும் கூடவே போனேன். அங்கிருந்த நர்ஸிடம் கெஞ்சியதும், சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டுத் துணியை விலக்கிப் பிள்ளையை மெல்லத் திருப்பினாள். இருந்தது.

திரும்பி வந்து அண்ணன் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். "இருக்கு" என்றான். "நீ சொல்லாட்டி எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும்" என்றாள் அண்ணி. "இப்ப மூஞ்சியைச் சொல்லுங்க."