ஒருவருக்குக் கேட்டால் போதும்

சபையாரே, மைக்கை வாயோடு ஒட்டி வைத்தால்தான் என் பேச்சு உங்களுக்குக் கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். இரும்புலியூரில் இருக்கிறோம். ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். கொரோனா முடிந்து பள்ளிகள் திறந்த மறு வருஷம் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி நல்லபடியாக வெளியே வந்துவிட்டது. குரல்தான் போய்விட்டது. குரல்நாண் ஒன்று அசையவில்லை, அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர்.

வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முதல் பெஞ்சுக்கே நான் பேசுவது கேட்கவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க மிஸ்" என்றார் தலைமை ஆசிரியை. அன்பாகத்தான் சொன்னார். அதோடு என் வேலை முடிந்தது.

"என் குரலைத் திருப்பித் தாரும்" என்று உபவாசம் இருந்து ஜெபித்தேன். நீங்களும் ஜெபித்தீர்கள். கொஞ்சம் வந்தது. அதோடு நின்றுவிட்டது. கணவர் சாமுவேல் ஆபீசுக்குப் போனபின் வீட்டில் நானும் ஃபேன் சத்தமும்தான். சமைக்கப் பிடிக்கவில்லை. யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை. நான் எதற்கு இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் ஜெபம் வேறு மாதிரி வந்தது. "சரி ஆண்டவரே, இவ்வளவுதான் குரல் என்றால், இதை வைத்து என்ன செய்யச் சொல்கிறீர்?" கோபத்தில்தான் கேட்டேன். ஆனால் கேட்டபிறகு, அவர் என்ன சொல்வார் என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளத் தோன்றியது.

அந்த வாரம் செக்கப் முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினேன். பெஞ்சில் ஒரு பெண், கையில் வெள்ளைக் கோல், காதில் போன். "பக்கத்துல யாராச்சும் இருக்கீங்களா? செங்கல்பட்டு வண்டி இதே பிளாட்பாரம்தானே?" என்றார்.

"ஆமாம்மா" என்றேன். வழக்கமாக எல்லாரும் என்னிடம் "என்ன? என்ன?" என்பார்கள். அவர் தலையை லேசாக என் பக்கம் சாய்த்தார், அவ்வளவுதான்.

பெயர் வெண்ணிலா. செங்கல்பட்டு வழியில் பெருங்களத்தூரில் வீடு, இரண்டு பிள்ளைகள். கிண்டியில் ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். அரசுத் தேர்வுக்காகப் பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தைப் போனில் கேட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"போன் எல்லாத்தையும் படிச்சிடும்க்கா. படம் வந்தா மட்டும் 'படம்'னு சொல்லிட்டுத் தாண்டிப் போயிடும்."

"இப்போ என்ன படம்?"

"இலைத்துளையாம்."

எத்தனை வருஷம் கரும்பலகையில் வரைந்த படம்! அவருடைய இரு கைகளையும் பிடித்து, விரல்களை வளைத்து எதிரெதிரே வைத்தேன். "ரெண்டு உதடு மாதிரி. தண்ணி ஏறினா இப்படி உப்பி வளையும், நடுவுல வழி திறக்கும். தண்ணி குறைஞ்சா மூடிக்கும்."

"அப்போ இலைக்கு வாய் இருக்கா! மேல் பக்கமா, அடிப்பக்கமா?"

"பெரும்பாலும் அடிப்பக்கம்தான்."

"ஏன்க்கா?"

அதற்குள் செங்கல்பட்டு வண்டி வந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. "அடுத்த வண்டியில போறேன். நீங்க ஏன்னு சொல்லுங்க."

வெயில் நேராகப் பட்டால் நீரெல்லாம் ஆவியாகிவிடும், அதனால்தான் வாய் நிழல் பக்கம் என்று சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அப்படிச் சிரித்துப் பாடம் கேட்டதில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மனசு ஓடிக்கொண்டே இருந்தது. கிரகணத்தை எப்படிச் சொல்வது? காந்தப் புலத்தை? பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசை வந்தது. அன்று சாயங்காலம் சாமுவேல் வந்தபோது சப்பாத்தி மாவை உருட்டி நாலு அறை வைத்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா இது? ராத்திரி டிபனா?"

"இதயம்ங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு நிற்கும்போது என் கண் நிறைந்திருந்தது. ஆண்டவரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது.

அதன்பிறகு சாயங்காலங்களில் அதே பெஞ்சில் சந்தித்தோம். முதல் முறை தேர்வில் வெண்ணிலா தேறவில்லை. நான்தான் அழுதேன். "அழாதீங்கக்கா, ஒளி பாடம் இன்னும் பாக்கி இருக்கு" என்று அவர்தான் என்னைத் தேற்றினார். அடுத்த முறை தேறினார். இன்று செங்கல்பட்டில் அரசு வேலை. அவர் தன் கோயிலில் நன்றி சொன்னார், நான் இங்கே முழங்காலில் நின்று சொன்னேன்.

குரல் இதற்குமேல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் என்று எனக்கு இன்னும் தெரியாது. பரலோகம் போனதும் கேட்பேன். ஆனால் வகுப்பில் சத்தம் போட்ட நாட்களில்கூட இந்த நிறைவை நான் அறிந்ததில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

உங்களில் யாராவது, இனி நம்மால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று உட்கார்ந்திருந்தால், கையில் மிச்சம் இருப்பதைக் காட்டி அவரிடமே கேளுங்கள். கேட்டுவிட்டு வெளியே கிளம்புங்கள். வெண்ணிலா தன்னைப் போலவே பார்வையில்லாத தோழிகள் சிலரையும் அனுப்பியிருக்கிறார். சனிக்கிழமை மதியம் நம் ஆலயத்தின் பின்னறையில் படிக்கிறோம். சரித்திரப் படங்களைச் சொல்ல எனக்கு வரவில்லை. தெரிந்தவர்கள் வாருங்களேன்.