எழுபத்தோராம் இலக்கக்காரனின் இடது கால்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடி வீடொன்றின் ஹோலையும் இரண்டு அறைகளையும் ஒன்றாக்கிய ஓர் அலுவலகம் இருக்கிறது. காலை எட்டரைக்கு நிஷாந்தி அங்கே தன் கணினியைத் திறந்ததும் அமெரிக்காவில் மழை பெய்யத் தொடங்கும். சில நாட்களில் பனி. இரண்டுக்கும் சத்தமில்லை, அவளுக்கு வரும் படங்களில் ஒலி கிடையாது. மைதானத்தின் உச்சியில் எங்கோ ஒரு கமெரா. கீழே இருபத்திரண்டு பேர், தண்ணீருக்கடியில் அசைகிறவர்களைப் போல.

அமெரிக்கக் கல்லூரிகள் ஆடும் புட்போல் அது. காலால் உதைப்பது அபூர்வம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். எறிகிறவனுக்கு முன்னால் ஐந்து பெரிய உருவங்கள் வரிசையாகக் குனிந்து நிற்கும். எதிரணி பாய்ந்து வந்து அவனை விழுத்திவிடாமல் மூன்று விநாடி தடுத்து வைப்பதுதான் அந்த ஐந்து பேரின் வேலை. பிழைவிட்டால் மட்டும் அவர்களுடைய பெயர் வெளியில் கேட்கும்.

நிஷாந்தி அந்த ஐவரில் ஒருவனை மாத்திரம் பார்ப்பாள். முதல் அடி எந்தப் பக்கம் வைத்தான், கை எங்கே பட்டது, எதிராளி கடந்து போனானா. ஒவ்வொரு தடவைக்கும் அட்டவணையில் ஒரு வரி. அட்டவணை அமெரிக்காவிலுள்ள தலைமைக் கம்பனிக்குப் போகும். அங்கிருந்து, கல்லூரிப் பெடியன்களைத் தெரிவுசெய்து சம்பளத்துக்கு எடுக்கும் பெரிய கழகங்களுக்குப் போகும்.

முன்பு அவள் காப்புறுதிக் கம்பனியொன்றில் தொலைபேசிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நாடு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருடம் அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். இங்கே நேர்முகத்துக்கு வந்தபோது பொறுப்பாளர் புவாத் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்க்கவில்லை.

“அக்கா, நீங்க எதும் வெளையாடீக்கிறீங்களா?” என்று கேட்டான்.

“வலைப்பந்து. டிஃபென்ஸ். யாழ்ப்பாணத்தில ஸ்கூல் டீம், பிறகு இஞ்ச கொழும்பில.”

“அப்ப கால் பாக்கத் தெரியும்,” என்றான். அவ்வளவுதான்.

கால் பார்க்கத் தெரிந்தது உண்மை. முப்பத்தொன்பது வயதில் அது இன்னும் கூடியது. காலி வீதியில் ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையில் நிற்கும் கண்டக்டர் பாரத்தை எந்தப் பாதத்துக்கு மாற்றுகிறான் என்று தன்னையறியாமல் பார்த்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறாள். கணவன் தயாபரன் தெமட்டகொடை ரயில்வே அலுவலகத்தில் லிகிதர். பின்னேரம் தேத்தண்ணியோடு உட்கார்ந்ததும், “இண்டைக்கு உம்மட ஆள் என்ன செய்தவர்?” என்றுதான் கதையைத் தொடங்குவான்.

சென்ற வருடம் பெப்ரவரியில் அவளுக்குக் கிடைத்த ஆள் எலைஜா ப்ரூம். வரிசையின் இடது ஓரத்தில் நிற்பவன், எழுபத்தோராம் இலக்கம். அவன் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களும் வந்திருந்தன. தலைமைக் கம்பனியின் குறிப்பு சுருக்கமாக இருந்தது: இடது கால் மந்தம். இவன் பக்கத்தால் ஏழு தடவை எதிராளி புகுந்து பந்தெறிபவனை விழுத்தியிருக்கிறான். தெரிவுக்குத் தகுதி குறைவு. அவள் எண்ணிப் பார்த்து உறுதிசெய்தால் போதும்.

முதல் இரண்டு நாளும் எண்ணினாள். குறிப்பு சொன்னது சரியாகவே பட்டது. பந்து நகரும், மற்ற நால்வரும் நகர்வார்கள், எழுபத்தொன்றின் இடது கால் மட்டும் ஒரு கணம் நிலத்தோடு ஒட்டி நிற்கும். மூன்றாம் நாள் பனி பெய்த ஓர் ஆட்டம். யன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் கண்கூசக் கிடந்தது. திரையில் வெள்ளைத் துகள்கள் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தன. கல்கிசைப் பக்கம் போகும் ரயில் ஒன்று கட்டடத்தை மெல்ல உலுக்கிவிட்டுப் போனது. அந்த அதிர்வில் அவளுக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு நிலை வந்தது. எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்தாள்.

அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கால் மந்தமாக இருக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தது.

பக்கத்தில் அறுபத்துநான்காம் இலக்கக்காரன் ஒருவன் நின்றான். ஐந்தாவது ஆட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவன். எதிராளி வந்து மோதும்போதெல்லாம் பின்னுக்கு மடிந்தான். எழுபத்தொன்று ஒவ்வொரு தடவையும் பந்து நகர்ந்தவுடன் அவன் பக்கம் பார்த்தான். அவன் தாக்குப்பிடித்தால் தன் இடது காலை வெளியே வைத்துத் தான் தடுக்கவேண்டிய ஆளிடம் போனான். மடிந்தால் உள்ளே திரும்பி அவனைத் தாங்கினான். அந்த நேரத்தில் அவனுடைய சொந்தப் பக்கம் திறந்து கிடந்தது. ஏழு விழுத்தல்களில் ஐந்து அந்தத் திறந்த பக்கத்தால் வந்தவை.

ஒன்பதாம் பத்தாம் ஆட்டங்களை மறுபடி எடுத்தாள். அவற்றில் அறுபத்துநான்கு இல்லை. முன்பு நின்ற பழைய ஆள் திரும்பி வந்திருந்தான். எழுபத்தெட்டுத் தடவை பந்தெறிய முயன்றிருந்தார்கள். எழுபத்தெட்டிலும் அந்த இடது கால் நேரத்துக்கு எழுந்து வெளியே போனது, குதிக்கால் நிலத்தைத் தடவியபடி. ஒருவனும் அவனைக் கடக்கவில்லை.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. நிஷாந்தி பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். அங்கே ஒரு மருந்துக்கடைக்கு மேலே பாலேஸ்வரி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். பள்ளிக்கூட அணியில் இவளோடு சேர்ந்து தடுத்து ஆடியவள். இருபது வருடத்துக்கு முன் தேசிய அணித் தெரிவுக்கு இருவரும் ஒன்றாகக் கொழும்புக்கு வந்தார்கள். அன்று பாலேஸ்வரியின் பக்கத்தால் கோலுக்கு மேல் கோல் போனது. அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு நிஷாந்தியை எடுத்தார்கள். ஆறு கிழமையில் நிஷாந்தியின் முழங்கால் போய், அந்தக் கதையும் முடிந்தது. இருவரும் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

கடையில் ஆளில்லாத நேரம். நிஷாந்தி எழுபத்தோராம் இலக்கக்காரனின் கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கேட்டாள்.

“எடி, அந்த ட்ரயல்ஸ் ஞாபகமிருக்கோ? உன்ர பக்கத்தால பதினொரு கோல் போனது.”

“பன்னிரண்டு,” என்றாள் பாலேஸ்வரி சீப்புகளைக் கழுவியபடி.

“நான் உதவிக்கு வரேல்ல. என்ர ஆளையே பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.”

“அதுதானே உனக்குத் தந்த வேலை.” அவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். “எனக்கு அண்டைக்குக் காய்ச்சலடி. நூற்றிரண்டு. சொன்னா ஆட விடாயினம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நான் சொல்லாததை நீ எப்பிடி அறியிறது?”

“இவனுக்கும் ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம். ஆனா அறிஞ்சவன்.”

பாலேஸ்வரி ஈரக்கையை நிஷாந்தியின் கன்னத்தில் துடைத்தாள். “அப்ப அதை எழுதன். இஞ்ச வந்து எனக்குச் சொல்லி என்ன?”

வெள்ளிக்கிழமை அறிக்கையைப் பார்த்த புவாத் தலையில் கைவைத்தான்.

“அக்கா, இதென்ன இவ்வளவு நீளம்? அவங்க கேக்கிற ரெண்டு வரி. நம்மட வேலை டிக் போடுற. அபிப்பிராயம் சொல்ற ஆக்கள் அங்க ஈக்கிறாங்க.”

“அபிப்பிராயம் இல்லை புவாத். எண்ணியிருக்கிறன். பத்தொன்பது வீடியோத் துண்டு வெட்டி வைச்சிருக்கிறன், பாரும்.”

“ஒங்களுக்கு இவனப் புடிச்சிட்டு.”

“பிடிச்சுத்தான் இருக்கு. குறையும் எழுதியிருக்கிறன். கடைசிக் கால்வாசி ஆட்டத்தில களைச்சா கை கீழ இறங்குது. அது உண்மையான குறை. ஆனா கால் மந்தம் எண்டது பொய்.”

புவாத் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நாலாவது துண்டில் முன்னால் சாய்ந்தான். ஏழாவதில், “அடேய்,” என்று எழுபத்தொன்றைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னான், “ஒன்ட ஆள் போறான், ஒன்ட ஆள் போறான்!” பத்தொன்பதும் முடிந்தபின் தன் பெயரையும் அவள் பெயருக்குக் கீழே போட்டு அனுப்பினான்.

மூன்று கிழமை பதில் இல்லை. நிஷாந்தி வேறு ஆட்களைப் பார்த்தாள். ஆனாலும் இடைக்கிடை, பழங்கடை முன்னால் தோடம்பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது, எங்கோ பனியில் குனிந்து நிற்கும் அந்தப் பெரிய முதுகு நினைவில் வரும். அவனுடைய முகத்தை அவள் பார்த்ததில்லை. தலைக்கவசம்தான் முகம்.

மார்ச் நடுவில் ஒரு பின்னேரம் தலைமைக் கம்பனியிலிருந்து ஒரு பெண் காணொளி அழைப்பில் வந்தாள். அங்கே அப்போது காலை. அவளுக்குப் பின்னால் இலையில்லாத மரமொன்று நின்றது. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பக்கத்திலிருப்பவனுக்கு உதவச் சொல்லிப் பயிற்சியாளரே கட்டளையிட்டிருந்தால்? அப்போது இது அவனுடைய குணம் என்று எப்படிச் சொல்வது?

“தெரியாது,” என்று நிஷாந்தி ஆங்கிலத்தில் சொன்னாள். “கட்டளையாக இருந்தால், தன் பெயர் கெடும் என்று தெரிந்தும் அதன்படி நடந்திருக்கிறான். கட்டளை இல்லையென்றால், தானாகச் செய்திருக்கிறான். எப்படியானாலும் அந்தக் கால் நல்ல கால்.”

அந்தப் பெண் எதையோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிப் போய்விட்டாள். பாராட்டு எதுவும் வரவில்லை. ஆனால் பத்து நாளில் வந்த புதிய அட்டவணையில் முன்பில்லாத ஒரு நிரல் இருந்தது. விழுத்தல் நடந்தபோது ஆள் பக்கத்தவனுக்கு உதவிக்கொண்டிருந்தானா, ஆமா, இல்லையா. புவாத் அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினான். எல்லோருக்கும் இனிப்பாக வட்டிலப்பம் எடுப்பித்தான்.

ஏப்ரல் கடைசியில் கழகங்கள் ஆட்களைத் தெரிவுசெய்யும் மூன்று நாட்கள் வந்தன. முதல் இரண்டு நாளும் எலைஜா ப்ரூமின் பெயர் இல்லை. ஞாயிறு காலை நிஷாந்தி பாண் வெட்டிக்கொண்டிருந்தபோது தயாபரன் தொலைபேசியோடு குசினி வாசலில் வந்து நின்றான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தான்.

“இஞ்சரும். ஆறாம் சுற்று. நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது ஆள். எடுத்துப்போட்டாங்கள்.”

“உண்மையாவோ?”

“படமும் போட்டிருக்கு. தாயோட நிக்கிறான்.”

அவள் கையைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். நினைத்ததைவிடச் சின்ன முகம், இலேசாக முன்தள்ளிய பல். கண்ணீர் வந்தது. அவன் எடுபட்டதில் தன் அறிக்கைக்கு எவ்வளவு பங்கு என்று அவளுக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதுமில்லை. பாலேஸ்வரிக்குப் படத்தை அனுப்பினாள். உடனே பதில் வந்தது: “தலைமயிர் நல்லா வெட்டியிருக்கிறான்.”

வெயில் ஏறுமுன் அவளும் தயாபரனும் வீட்டு ஒழுங்கையால் இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போனார்கள். நீர் வற்றி, மணல் ஒரு பாய் அகலத்துக்குத் தெரிந்தது. தயாபரன் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து நின்றான்.

“இப்பிடியோ நிக்கிறவன்?”

“இல்லை. குண்டியை இன்னும் பதியுங்கோ. குதி மிதக்கக்கூடாது.”

அவன் பதித்தான். அவள் இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளினாள். அவன் அசையவில்லை. அலையொன்று வந்து இருவரின் காலடி மணலையும் மெல்ல உருவிக்கொண்டு போனது. அப்போது அவன் சரிந்தான், அவளையும் பிடித்துக்கொண்டு. முழங்காலளவு நீரில் சிரித்தபடி அவர்கள் எழும்ப முயன்றுகொண்டிருக்கையில் மருதானைக்குப் போகும் ரயில் கூவிக்கொண்டு வந்தது. யன்னலில் இருந்த யாரோ கையசைத்தார்கள்.