இறுதி இராவுணவுக்குச் சவர்க்காரம் போட்டது

1. கால் இல்லாத ஆண்டவர்

ஹம்பேர்க்கில் ஓர் இத்தாலிய ரெஸ்ரோரண்டில் பாத்திரம் கழுவச் சேர்ந்த முதல் நாள், முதலாளி கார்லோ என்னைச் சாப்பாட்டு மண்டபத்துச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். சுவர் நீளத்துக்கு இயேசுவும் பன்னிரண்டு சீடரும் மேசையில் இருந்தார்கள். மிலானில் சாந்தா மரியா டெல்லே கிராட்சியே என்றொரு பழைய கோயில் உண்டு. அதோடு சேர்ந்த மடத்தில், துறவிகள் சாப்பிடும் அறைச் சுவரில் இருக்கும் பெயர்பெற்ற ஓவியத்தின் நகல் இது. ஆண்டவரின் கால் இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் சமையல் குசினியின் கதவு இருந்தது.

கார்லோவின் ஜெர்மனும் என் ஜெர்மனும் ஒரே தரம். ஆகவே பேச்சை எங்கள் தமிழிலேயே தருகிறேன்.

"அங்கையும் கதவு வைக்கத்தான் காலை வெட்டினவை. நானும் அப்பிடியே செய்தனான்" என்றார் பெருமையாக. உலக யுத்தத்தில் குண்டு விழுந்து அந்த அறையே இடிந்தபோதும், மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் ஓவியச் சுவர் தப்பியதாம். மணல் மூட்டை என்றால் நான் அறிந்தது ஊரில் ஆமியின் சென்றிக் காவலரண்தான். படத்தைக் காப்பாற்றவும் அடுக்குவார்கள் என்று அன்றுதான் அறிந்தேன்.

2. பெரிய கிழமை

1985. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின பெரிய கிழமை. பண்டிகை கழிந்து இரண்டு கிழமையில் என் வேலை அனுமதி முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால், இந்த வேலைக்கு ஜெர்மன்காரர் கிடைக்கவில்லை, இவர்தான் வேண்டும் என்று முதலாளி காரணத்தோடு கடிதம் தரவேண்டும். கடிதம் இல்லையென்றால் வேலையும் இல்லை. பிறகு அகதி முகாம் கட்டிலில் படுத்து முகட்டைப் பார்த்து நாளை எண்ண வேண்டியதுதான்.

"கோப்பை கழுவ உன்னைத்தான் வேணுமெண்டு என்னத்தைச் சொல்லி எழுதுறது, அன்ரன்? வந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டுக் கார்லோ கடையைப் பூட்டி மிலானுக்கு லீவில் போனார். "மண்டபம் பளிச்செண்டு இருக்கோணும்" என்பது கட்டளை.

என்னோடு சலாட் வெட்டுபவர் மன்னார் மரியதாஸ் அண்ணை. "பெரிய கிழமைக்குக் கோயில் கழுவாமல் விடுறதே, தம்பி?" என்றார். ஊரில் பங்குச் சனம் முழுக்க வாளியோடு வந்து சுவர், சுரூபம் எதையும் விடாது கழுவும். இங்கே சீடர்மேல் பல வருடச் சிகரெட் புகை படிந்திருந்தது. சவர்க்காரத் தூளைக் கரைத்தோம். முதலில் மண்ணிறத் தண்ணீர் வந்தது.

"பாருங்கோ அண்ணை, வெளுத்து வருகினம்!"

பிறகு நீலத் தண்ணீர் வந்தது. அதன் பிறகு சிவப்பு. பேதுருவின் தாடி வாளிக்குள் போய்விட்டது. யோவானுக்குப் பாதி முகம்தான் மிச்சம். யூதாசுக்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை. கெட்டவனுக்குத்தான் ஓவியன் நல்ல பெயின்ற் அடித்திருக்கிறான்.

"காணும், நிப்பாட்டு. ஆண்டவரையாவது விட்டு வைப்பம்" என்றார் அண்ணை.

3. நிபுணர்

கார்லோ வந்தார், பார்த்தார், கதிரையில் இருந்துவிட்டார். பிறகு கத்தியதில் எனக்கு விளங்கியது 'மடோன்னா', அதாவது மாதாவே என்பது மட்டுந்தான். "நாளைக்கு வராதை" என்று முடித்தார். ஏப்ரனைக் கழற்றினேன்.

அப்போது வழமையாக மதியம் வரும் ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மா உள்ளே வந்து சுவரின் முன் அப்படியே நின்றார்.

"கார்லோ! போன கோடைக்கு மிலானிலை பாத்தனான். இப்பிடியேதான் உதிர்ந்து மங்கிப்போய் இருக்கு! முந்தி உங்கடை படம் கலண்டர் மாதிரியெல்லோ இருந்தது. ஆர் செய்தது?"

கார்லோ அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கடை ஆள்தான். நல்ல கைப்பழக்கம்" என்றார் வாய் கூசாமல்.

அந்தக் கிழமை படம் பார்க்கவே சனம் வந்தது. கார்லோ தானாகவே கடிதம் எழுதினார்: 'இவர் சுவரோவியப் பராமரிப்பில் தேர்ந்தவர். பாத்திரமும் கழுவுவார். இவருக்கு ஈடாக இங்கே ஒருவரும் கிடைக்கவில்லை.'

வேலை அனுமதிக் கந்தோர் டெர்மின் என்று நேரம் குறித்துத் தந்த நாளில் அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "அந்த மிலான் ஓவியமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அந்தக் கந்தோரில் முதல் தடவையாக என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். முத்திரை விழுந்தது. வெளியே வந்து, வெட்கமும் சந்தோஷமுமாக அழுதேன்.

இளையவர்களுக்கு ஒரு புத்திமதி. ஒன்றரை வருடம் ஒரு கோப்பைகூட உடைக்காமல் கழுவினேன். அதைப்பற்றி எழுத யாருக்கும் ஒரு வரி கிடைக்கவில்லை. ஒரே நாளில் பதினொரு அப்போஸ்தலரை நாசமாக்கினேன், என்னைப்போல் ஆளே இல்லை என்று எழுதித் தந்தார்கள்.